சித்த மருத்துவப் பட்டமும் நம் பிள்ளைகளும்

(ஆலயத்தில் நடைபெற்ற கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)



கல்வி உதவி வழங்கும் நாளில் பேசுகிறவர்கள், "நன்றாகப் படியுங்கள், பெற்றோரை மறவாதீர்கள்" என்று சொல்லி அமர்வது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசியிருக்கிறேன். இன்று ஒரே ஒரு படிப்பைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டு வந்திருக்கிறேன். அதற்குக் காரணமாக அமைந்தவர் ஒரு தாயார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்த வேளையில், அந்த அம்மையார் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணவர் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறார். மகள் எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறாள். "சார், இவ சித்த மருத்துவம்தான் படிப்பேன்னு பிடிவாதமா நிக்கிறா. டாக்டருக்கு எடம் கெடைக்காதவங்க படிக்கிற படிப்புன்னு எங்க அண்ணன் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். ஆனாலும் அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் பதில் வரவில்லை என்பதை இந்தச் சபையில் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் இதே போல என்னிடம் வந்தான். தோட்டப்புறத்துப் பிள்ளை, நல்ல பையன். "மாற்று மருத்துவத்தில் இளங்கலைப் பட்டம்" என்று ஓர் இடத்தில் சேரப் போவதாகச் சொன்னான். வார இறுதியில் மட்டும் வகுப்பு; இரண்டே ஆண்டுகள்; முடித்தால் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்துகள். தகப்பனார் தம் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டினார். மிச்சத்துக்கு உதவி கேட்டு மனு எழுதினார்கள். அந்த மனுவோடு இணைத்த பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான். பையனின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது. அவன் தன் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினான். அங்கீகாரம் பெற்ற தகுதிகளில் அந்தப் படிப்பு இல்லை என்று பதில் கிடைத்தது. இன்று அவன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். உழைத்துச் சாப்பிடுகிறான், அதில் குறைவில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில், கோபமில்லாமல், என்னிடம் சொன்னான்: "சார், அன்னிக்கு நீங்க கேட்டிருந்தா, நானும் கேட்டிருப்பேன்." அன்பர்களே, அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. ஆகவே இந்த முறை கேட்டேன். கேட்டறிந்ததை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். சுகாதார அமைச்சில் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கென ஒரு பிரிவு 2004-ஆம் ஆண்டு அமைந்தது. பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது 775-ஆம் சட்டம், 2016-இல் நிறைவேறிப் படிப்படியாக நடப்புக்கு வந்தது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் ஆகிய 7 துறைகளை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, யோகம், இயற்கை மருத்துவம் யாவும் இந்தியப் பாரம்பரிய மருத்துவம் என்ற ஒரே குடையின் கீழ் வருகின்றன. மருத்துவர்களைப் பதிவு செய்யும் பணி 2021 மார்ச் மாதம் தொடங்கியது. ஏற்கனவே தொழில் செய்துவந்தவர்களுக்கு அவகாசமும் தரப்பட்டது. பதிவில்லாமல் தொழில் நடத்துவது இப்போது குற்றம். புதிதாக வருகிறவர் அங்கீகரிக்கப்பட்ட தகுதியோடு வரவேண்டும்.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் தாத்தா காலத்தில் வைத்தியர் தம் மகனுக்குச் சுவடியைக் கொடுத்தார், கைப்பக்குவத்தைக் கற்றுக்கொடுத்தார். மகன் வைத்தியரானான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் ஒரு பக்கம், லயத்தில் நாட்டு வைத்தியர் ஒரு பக்கம் என்று நம் மக்கள் வாழ்ந்தார்கள். அந்தக் கைவழி முறை இனித் தனியாக நிற்க முடியாது. அடுத்த தலைமுறைச் சித்த மருத்துவர் ஒரு கல்லூரியின் வாயில் வழியாகத்தான் வரவேண்டும். அந்த வாயிலுக்கு நம் பிள்ளைகள் போகாவிட்டால், சட்டத்தில் நமக்கென்று போட்டிருக்கும் நாற்காலி காலியாகவே கிடக்கும்.

சீனச் சமூகத்தைப் பாருங்கள். இதே ஜார்ஜ்டவுனில், முந்திரித் தெருவில், 1883-இல் ஓர் இலவச மருந்தகத்தைத் தொடங்கினார்கள். ஏழைகளுக்குச் சின்சே நாடி பார்த்து மூலிகை கொடுத்தார். அந்த அறப்பணிதான் வளர்ந்து இன்று பத்து லஞ்சாங் பகுதியில் லாம் வா ஈ மருத்துவமனையாக நிற்கிறது. அங்கே நவீன மருத்துவமும் நடக்கிறது. சீன மருத்துவமும் விடாமல் நடக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்குச் சீன மருத்துவத்தில் பட்டம் வேண்டுமானால் யு.டி.ஏ.ஆர்., இன்டி, ஐ.எம்.யு., சியாமென் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் என்று இந்த நாட்டிலேயே இடங்கள் உள்ளன. ஹோமியோபதிக்குச் சைபர்ஜெயா பல்கலைக்கழகம் இருக்கிறது. சித்த மருத்துவப் பட்டத்துக்கோ நம் பிள்ளை கடல் கடக்க வேண்டும்.

அரசாங்கம் கதவை அடைத்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனைக்குள் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதன்முதலாக அமைந்தது நம் மாநிலத்துக் கப்பளா பத்தாஸ் மருத்துவமனையில்தான், ஆண்டு 2007. 2010-இல் இந்தியாவும் மலேசியாவும் பாரம்பரிய மருத்துவத் துறையில் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு போர்ட் டிக்சன், செராஸ் மருத்துவமனைகளில் சிரோதாரா என்னும் எண்ணெய்த் தாரைச் சிகிச்சை வந்தது. அதற்கு மருத்துவர்களை எங்கிருந்து அழைத்தார்கள்? இந்தியாவிலிருந்து. நம் பிள்ளைகள் அமரக்கூடிய இடத்தில் அமர, தகுதி பெற்ற நம் பிள்ளைகள் போதுமான அளவில் இல்லை.

சரி, அந்தப் படிப்புதான் என்ன? பி.எஸ்.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, ஆக ஐந்தரை ஆண்டுகள். தமிழ்நாட்டில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலும், சென்னை அரும்பாக்கத்து அரசுக் கல்லூரி 1985-இலும் தொடங்கப்பட்டன. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மேற்பட்டப் படிப்புக்கு உரியது. இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த மருத்துவத்தைக் கற்பித்து வருகிறது. திருகோணமலை வளாகத்திலும் இப்படிப்பு உண்டு.

"இலை தழையைப் படிப்பதற்கு ஐந்தரை ஆண்டா?" என்று கேட்பவர்கள் பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டும். முதலில் உடற்கூறியல். பிணத்தை அறுத்துப் பார்த்து நரம்பும் தசையும் கற்கிறார்கள். உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் உண்டு. கூடவே சித்த மருத்துவத்தின் மூலதத்துவம். மூலிகைகளும் தாதுக்களும் ஜீவப் பொருள்களும் அடங்கிய குணபாடம். நஞ்சு நூல். நோய் நாடல். நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், நாடி, ஸ்பரிசம் என்னும் எண்வகைத் தேர்வு. இறுதியில் பொது மருத்துவம், மகளிர் மருத்துவம், குழந்தை மருத்துவம், வர்மம், தொக்கணம். பிறகு நோயாளியின் படுக்கையருகே ஓராண்டு. டாக்டருக்கு இடம் கிடைக்காதவன் பொழுதுபோக்காகப் படித்துவிடக் கூடிய படிப்பாக இது எனக்குத் தெரியவில்லை. அந்த அண்ணனுக்கு இதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

தமிழாசிரியனாக எனக்கு ஒரு செய்தி மிகவும் இனித்தது. சித்த மருத்துவம் படிக்க வருகிறவர் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதலாண்டில் தமிழைத் தனியே படிக்க வேண்டும். மூலநூல்கள் தமிழ்ச் செய்யுளில் இருப்பதே காரணம். "எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எதற்கு? அது சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரை நான் வாழ்நாள் முழுதும் பார்த்திருக்கிறேன். இதோ, தமிழ் தெரியாமல் உள்ளே போக முடியாத ஒரு மருத்துவக் கல்வி! கூடவே உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் வேண்டும். எஸ்.பி.எம். மட்டும் போதாது; எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும்.

இனி, கொஞ்சம் கசப்பான பேச்சு. மருந்தைப் பற்றிப் பேசும்போது கசப்பு இல்லாமல் இருக்குமா?

நம் மருத்துவம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று மேடையில் முழங்குவது எளிது. கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு நம் வீட்டுப் பாட்டிமார்கள் கொடுத்த மூலிகை. மலாய்க்காரர்கள் டுக்கோங் அனாக் என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துச் சோதித்து, 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். மூலிகை பெற்றவர்களில் 59 விழுக்காட்டினருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெறும் மாத்திரை பெற்றவர்களில் 4 விழுக்காட்டினருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோதித்தார்கள், வெளிப்படையாகச் சொன்னார்கள், மறுபடியும் சோதித்தார்கள். அதுதான் கல்வி.

சீனத்தில் து யூயூ என்ற அம்மையார் நவீன மருந்தியல் படித்தவர். பின்னர் சீனப் பாரம்பரிய மருத்துவத்தையும் முறையாகக் கற்றார். 1,600 ஆண்டுகளுக்கு முந்திய பழைய நூலில் ஒரு செடியைப் பற்றி இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டெடுத்தார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய நூலைப் படிக்கவும் தெரிந்திருந்தது. சோதனைக் குழாயைப் பிடிக்கவும் தெரிந்திருந்தது. நம் சுவடிகளுக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகள் வேண்டாமா?

இன்னொரு கசப்பு. நம் முறையில் பாதரசம், கந்தகம் முதலியவற்றைச் சுத்தி செய்து பற்பமாகவும் செந்தூரமாகவும் ஆக்கும் மருந்துகள் உண்டு. கைப்பக்குவம் தவறினால் அவை நஞ்சு. 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன் நகர்க் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துப் பொருள்களில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது என்று அது சொன்னது. நம் நாட்டில் 1992 முதல் பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்கிறார்கள். பதிவு பெற்ற மருந்தின் உறையில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கி "டி" என்று முடியும் எண் இருக்கும். ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடும் உண்டு. கடைத்தெருவிலோ, ஊருக்குப் போய் வந்தவர் பையிலோ கிடைக்கும் பொடியை வாங்கி விழுங்குமுன் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மண்டபத்திலேயே எண்ணிப் பாருங்கள். யாரோ சொன்னார் என்று இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்துக் காலை இழந்தவர்களையும், டயாலிசிஸ் படுக்கையில் முடிந்தவர்களையும் நாம் அறிவோம். முறையாகப் படித்த சித்த மருத்துவர் அப்படிச் சொல்ல மாட்டார். இரத்தச் சோதனைத் தாளைப் படிக்க அவருக்குத் தெரியும். உணவையும் பத்தியத்தையும் நம் நாக்குக்குப் புரியும் மொழியில் சொல்லித் தருவார். "இது என் கைக்கு மீறியது, மருத்துவமனைக்குப் போங்கள்" என்று சொல்லவும் கற்றிருப்பார். படித்தவர் இல்லாத இடத்தில்தான் படிக்காதவர் கடை விரிக்கிறார்.

ஆகவே, பெற்றோர்களே, மாணவர்களே, இந்தப் படிப்புக்கு மனம் வைத்தால் நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

முதற்கேள்வி: அந்தக் கல்லூரியையும் பட்டத்தையும் அந்த நாட்டுச் சட்ட அமைப்பு ஏற்றிருக்கிறதா? இந்தியாவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட மத்திய மன்றத்துக்குப் பதிலாக, 2021 முதல் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையம் இதைக் கவனிக்கிறது. எழுத்துகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். பி.ஏ.எம்.எஸ். என்பது ஆயுர்வேதப் பட்டம். அதே எழுத்துகளைப் போட்டு "ஆல்டர்நேட்டிவ்" என்று விரித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது: முழுநேரப் படிப்பா? கல்லூரியோடு நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனை இருக்கிறதா? பயிற்சி ஆண்டு உண்டா? வார இறுதியில் மருத்துவராக முடியாது.

மூன்றாவது: இந்தப் பட்டத்தோடு திரும்பி வந்தால் இங்கே பதிவு கிடைக்குமா? இதை நம் நாட்டுப் பாரம்பரிய, துணை மருத்துவ மன்றத்திடம் கிளம்புவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரகர் வாயால் சொல்வது பதில் ஆகாது.

நான்காவது: ஐந்தரை ஆண்டுகளுக்கும் பணம் எங்கிருந்து வரும்? முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள். இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு, ஐ.சி.சி.ஆர். என்னும் கலாசார உறவுக் கழகத்தின் வழியாக வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவிச் சம்பளம் வழங்குகிறது. சித்த மருத்துவமும் அதில் அடங்கும். முதலில் அதற்கு மனுச் செய்யுங்கள்.

இனி நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் உண்டியலில் போடும் வெள்ளி, அன்னதானத்துக்குத் தரும் அரிசி மூட்டை எல்லாம் நேராக இறைவன் சந்நிதிக்குப் போய்ச் சேருகின்றன. கல்விக்குத் தரும் பணமும் அப்படியே. ஆனால் அன்னதானத்தில் ஒரு பிடி சோறு வீணானால் ஒருவேளைப் பசி. கல்வி உதவி தவறான இடத்துக்குப் போனால் ஒரு பிள்ளையின் இளமைக் காலம் வீண். ஆகையால் இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, இத்தகைய படிப்புக்கு மனு வந்தால் நான் சொன்ன நான்கு கேள்விகளுக்கும் பதில் வாங்கிச் சரிபார்க்க மூவர் கொண்ட சிறு குழு அமைய வேண்டும். அதில் நவீன மருத்துவர் ஒருவரும் பதிவு பெற்ற பாரம்பரிய மருத்துவர் ஒருவரும் இருக்கட்டும். இரண்டாவது, தேறிவரும் பிள்ளை ஒருவருக்காவது ஐந்தரை ஆண்டுகளும் கைவிடாமல் உதவ வேண்டும். பத்துப் பேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து நடுவழியில் விடுவதைவிட, ஒருவரைக் கரை சேர்ப்பது மேல். அந்தப் பிள்ளை பட்டமும் பதிவும் பெற்றுத் திரும்பியபின் வாரத்தில் ஒரு நாள் ஆலய மண்டபத்தில் ஏழைகளுக்கு இலவசமாக நோய் பார்க்கட்டும். 1883-இல் முந்திரித் தெருவில் தொடங்கியதும் இவ்வளவு சிறிய காரியந்தான்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்தை நான்காகப் பகுத்துச் சொல்கிறார். நம் சமூகத்தில் நோயாளிகள் நிறையவே இருக்கிறார்கள். மருந்து நம் வேலியோரத்திலும் நூல்களிலும் இருக்கிறது. அருகிருந்து கவனிக்கும் தாய்மார்களுக்கும் பஞ்சமில்லை. குறைவது இரண்டாவதாகச் சொன்ன ஒருவர்தான். அவரை உருவாக்குவது நம் கையில் இருக்கிறது.

அந்த லாரி ஓட்டுநரின் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள. நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மூன்றுக்கு அவளே பதில் வாங்கி வந்துவிட்டாள். கடிதங்களைக் கோப்பில் போட்டு என்னிடம் காட்டினாள். நான்காவது கேள்விக்கான பதில் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறது. இந்த முறையும் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். படித்துப் பார்த்து, கேட்டறிந்து, கையெழுத்திட்டிருக்கிறேன். அன்று என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்ன மாணவனும் இன்று இங்கே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். அவளுக்காகத் தன் சம்பளத்தில் ஒரு சிறு தொகையை உறையிலிட்டு, பெயர் எழுதாமல் என்னிடம் கொடுத்தான். அதை முதல் காணிக்கையாக ஆலயத் தலைவரிடம் ஒப்படைக்கிறேன்.

தண்ணீர்மலையில் வீற்றிருக்கும் முருகப் பெருமான் நம் பிள்ளைகளுக்கு நல்ல கல்வியையும், நமக்கு நல்ல கேள்வி கேட்கும் துணிவையும் அருள வேண்டுகிறேன்.